ஒரே நிமிடத்தில் போட்டோ தந்தவர்!

குட்டீஸ்... ஆவடி, பருத்திப்பட்டு ஏரிப் பூங்காவில், மொபைல் போனில் எடுத்த போட்டோ ஒன்று உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை எடிட்டிங் மென்பொருளில் போட்டு, ஒரு பொத்தானைத் தொட்டால் போதும். 40 ஆண்டுகளுக்கு முன் எடுத்த படம் போல மாறிவிடும்.

படம் சதுரமாக இருக்கும். சுற்றிலும் வெள்ளை ஓரம் வரும். அந்த ஓரம், மூன்று பக்கமும் ஒல்லியாகவும், கீழே மட்டும் பட்டையாகவும் இருக்கும். கறுப்பு நிறம், கன்னங்கரேலென்று இல்லாமல், சாம்பல் பூத்தது போலத் தெரியும். வண்ணங்கள் வெளிறி, லேசாக மஞ்சள் தட்டியிருக்கும். மூலைகள் சற்றே இருண்டிருக்கும்.

பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால், கீழே மட்டும் ஏன் அவ்வளவு அகலமான வெள்ளைப் பட்டை? பெயரும், தேதியும் எழுதுவதற்கு என்றுதான் பலரும் நினைக்கின்றனர். உண்மையில், அந்தப் பட்டைக்குள் ஒரு பொருள் ஒளிந்திருந்தது. அதை அங்கே வைத்தவர், எட்வின் லேண்ட். எடுத்த இடத்திலேயே போட்டோவைக் கையில் தரும், 'போலராய்டு' கேமராவைக் கண்டுபிடித்த அமெரிக்க விஞ்ஞானி. அவரது வாழ்க்கையைத் தெரிந்துகொள்வோமா...

காயலான் கடைக்காரர் மகன்

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், பிரிட்ஜ்போர்ட் என்ற நகரில், 1909ம் ஆண்டு, மே 7ம் தேதி பிறந்தான், எட்வின் ஹெர்பர்ட் லேண்ட். கிழக்கு ஐரோப்பாவில் இருந்து, பிழைப்பு தேடி வந்த யூதக் குடும்பம் அது. அப்பா ஹாரி, பழைய இரும்பு வாங்கி விற்பவர். நம் சென்னையில், காயலான் கடை என்கிறோமே, அந்தத் தொழில்தான். அதிலேயே உழைத்து, வசதியாக முன்னேறினார்.

எட்வினின் சகோதரிக்கு, சிறு வயதில் அவன் பெயரைச் சரியாகச் சொல்ல வரவில்லை. 'டின்' என்றே கூப்பிட்டாள். அந்தச் செல்லப் பெயர், கடைசி வரை அவருக்கு நிலைத்து விட்டது.

டின், சரியான குறும்புக்காரன். கையில் கிடைத்ததை எல்லாம் கழற்றிப் பார்ப்பான். ஆறு வயதில், ஏதோ சோதனை செய்யப்போய், வீட்டிலிருந்த பியூஸ் முழுவதையும் போக வைத்தான். வீடே இருட்டாகி விட்டது. புது கிராமபோனைப் பிரித்துப்போட்டு, அப்பாவிடம் அடியும் வாங்கினான். இனி, யார் தடுத்தாலும், தொடங்கிய சோதனையைப் பாதியில் விடக்கூடாது என்று, அன்றே மனதிற்குள் முடிவு செய்தானாம்!

பள்ளியில் படித்தபோது, கோடை முகாம் ஒன்றிற்குப் போனான். அங்கே ஆசிரியர் ஒருவர், மேஜை மீது பளபளவென்று பட்டுக் கண்ணைக் கூசிய வெளிச்சத்தை, ஒரு தெளிந்த படிகத்தின் வழியே பார்க்கச் சொன்னார். படிகத்தைத் திருப்பியதும், அந்தக் கூச்சம் மட்டும் காணாமல் போனது. மேஜையின் மரக்கோடுகள் தெளிவாகத் தெரிந்தன.

அன்று முதல், டின்னுக்கு ஒளியின் மீது பைத்தியம் பிடித்தது. ஒளியியல் பற்றி, ராபர்ட் வுட் என்ற விஞ்ஞானி எழுதிய தடிமனான புத்தகத்தை, இரவில் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு தூங்கினான்.

அந்தப் படிகம் செய்த மாயம் என்ன?

ஒளி, அலையாகப் பரவுகிறது. சூரிய ஒளியில் உள்ள அலைகள், மேலும் கீழும், பக்கவாட்டிலும், சாய்வாகவும், எல்லா திசைகளிலும் அதிரும். ஜன்னலின் நேர்க்கம்பிகளுக்கு நடுவே ஒரு கயிற்றை விட்டு, வெளியே ஒருவர் பிடித்துக்கொள்ள, உள்ளே இருந்து நீங்கள் ஆட்டிப் பாருங்கள். மேலும் கீழுமாக ஆட்டினால், அலை கம்பிகளைத் தாண்டிப் போகும். பக்கவாட்டில் ஆட்டினால், கம்பியில் இடித்து நின்று விடும். சில படிகங்கள், ஒளிக்கு அப்படி ஒரு ஜன்னல். ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடும். அதற்கு, ஒளியை முனைவாக்குதல் என்று பெயர்.

தண்ணீர், தார்ச்சாலை, மேஜை போன்றவற்றில் பட்டுத் தெறிக்கும் ஒளி, பெரும்பாலும் பக்கவாட்டிலேயே அதிரும். ஆகவே, ஜன்னலைச் சரியான பக்கம் திருப்பினால், கூச்சம் மறைந்து விடுகிறது.

நூலகமே கல்லூரி

1926ல், 17 வயதில், புகழ்பெற்ற ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார் லேண்ட். சில மாதங்களிலேயே, அங்கிருந்து விலகி, நியூயார்க் நகருக்குப் போனார்.

அந்த நகரத்துச் சாலையில், இரவில் நடந்தபோது, எதிரே வந்த கார்களின் ஹெட்லைட் வெளிச்சம், கண்ணைக் கூசியது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில், இரவில் பைக்கில் போகும்போது, எதிரே வரும் லாரியின் வெளிச்சத்தில் பாதை தெரியாமல் அப்பா தடுமாறுவாரே... அதே தொல்லைதான். ஹெட்லைட்டிலும், காரின் முன்பக்கக் கண்ணாடியிலும், ஒளியை முனைவாக்கும் தகட்டைப் பொருத்தினால், எதிர் வெளிச்சம் கண்ணில் படாது. விபத்துகள் குறையும் என்று நினைத்தார்.

ஆனால், அந்தப் படிகங்கள் மிகச் சிறியவை; விலையோ மிக அதிகம். கார் கண்ணாடி அளவுக்குப் படிகம் கிடைக்கவே கிடைக்காது.

நியூயார்க் பொது நூலகத்திற்கு நாள்தோறும் போய், ஒளி பற்றிக் கிடைத்ததை எல்லாம் படித்தார். அப்போது, ஒரு வினோதமான செய்தி கண்ணில் பட்டது. இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் ஹெராபாத் என்ற மருத்துவர், 1852ல் எழுதியது. மலேரியா மருந்தான கொய்னா கொடுத்து வளர்த்த நாயின் சிறுநீரில், அவரது மாணவர், அயோடின் சொட்டைத் தவறுதலாக விட்டிருக்கிறார். உடனே, பச்சை நிறத்தில் ஊசி போன்ற குட்டிக் குட்டிப் படிகங்கள் தோன்றின. ஒன்றன் மேல் ஒன்று குறுக்காக விழுந்த இடத்தில், அவை கறுப்பாகத் தெரிந்தன. அதாவது, ஒளியைத் தடுத்தன.

கொய்னா, சின்கோனா மரத்தின் பட்டையில் இருந்து எடுக்கப்படுவது. ஆங்கிலேயர்கள், 1860களில், நம் நீலகிரி மலையில் அந்த மரத்தைப் பயிரிட்டனர். நடுவட்டத்தில், கொய்னா தயாரிக்கும் தொழிற்சாலையும் இருந்தது.

ஹெராபாத்தும், அவருக்குப் பின் வந்தவர்களும், அந்த ஊசியைப் பெரிய படிகமாக வளர்க்கப் பார்த்துத் தோற்றனர். லேண்ட், வேறு விதமாக யோசித்தார். ஒரே பெரிய படிகம் எதற்கு? கண்ணுக்கே தெரியாத, கோடிக்கணக்கான படிகத் தூளை, ஒரு பசையில் கலந்து, எல்லாவற்றையும் ஒரே திசையில் நிற்க வைத்தால் போதுமே! சீப்பின் பற்கள் வரிசையாக நிற்பது போல...

அவற்றை வரிசைப்படுத்த, வலிமையான மின்காந்தம் தேவைப்பட்டது. வாங்கப் பணம் இல்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆய்வகத்தில், பூட்டாமல் விட்டிருந்த ஜன்னல் வழியாக, இரவில் ஏறிக் குதித்துச் சோதனை செய்தார். ஹெலன் என்ற பெண்ணும் சோதனைகளுக்கு உதவினார். 1929ல் இருவரும் திருமணம் செய்துகொண்டனர். அதே ஆண்டு, தன் முதல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார் லேண்ட். உலகின் முதல் செயற்கை முனைவாக்கித் தகடு பிறந்து விட்டது!

மறுபடியும் ஹார்வர்டுக்குப் போனார். தனி ஆய்வகமே ஒதுக்கித் தந்தனர். ஆனாலும், பட்டம் வாங்கும் முன்பே, 1932ல் வெளியேறி, அங்கே இயற்பியல் கற்பித்த ஜார்ஜ் வீல்ரைட் என்பவருடன் சேர்ந்து, ஆய்வகம் தொடங்கினார். அது, 1937ல், 'போலராய்டு' நிறுவனமாக மாறியது. பட்டம் வாங்காத அவரை, பிற்காலத்தில் எல்லாரும் டாக்டர் லேண்ட் என்றே அழைத்தனர். 1957ல், ஹார்வர்டு பல்கலைக்கழகமே, கவுரவ டாக்டர் பட்டம் கொடுத்தது.

அவரது தகடு, கூலிங் கிளாசுக்கும், கேமராவுக்கும், முப்பரிமாண சினிமா பார்க்கும் கண்ணாடிக்கும் பயன்பட்டது. ஆனால், கார் நிறுவனங்கள் மட்டும் கடைசி வரை வாங்கவில்லை. செலவு கூடும்; எல்லா கார்களிலும் பொருத்தினால்தான் பயன் கிடைக்கும் என்று தயங்கின. எந்த ஆசையால் ஆராய்ச்சியைத் தொடங்கினாரோ, அது மட்டும் நிறைவேறவே இல்லை.

மூன்று வயது மகளின் கேள்வி

1943ம் ஆண்டு. இரண்டாம் உலகப்போர் நடந்து கொண்டிருந்தது. ராணுவத்திற்குக் கண்ணாடிகளும், கருவிகளும் செய்து கொடுத்துக் களைத்திருந்த லேண்ட், குடும்பத்துடன் சாண்டா பே என்ற ஊருக்கு விடுமுறைக்குச் சென்றார்.

அங்கே, மகள் ஜெனிபரைப் போட்டோ எடுத்தார். அவளுக்கு அப்போது மூன்று வயது. எடுத்த படத்தை இப்போதே ஏன் பார்க்க முடியாது என்று அப்பாவிடம் கேட்டாள்.

அந்தக் காலத்தில், போட்டோ எடுப்பது என்பது சாதாரண வேலை இல்லை, குட்டீஸ். பிலிம் சுருள் முழுவதும் எடுத்து முடிக்க வேண்டும். பிறகு, ஸ்டூடியோவில் கொடுக்க வேண்டும். அவர்கள், இருட்டறையில் பிலிமைக் கழுவி, நெகடிவ் ஆக்கி, அதிலிருந்து பிரின்ட் போட்டுத் தருவர். அதற்குள் பல நாட்கள் ஓடிவிடும். நம் நாட்டில், பிலிம் தயாரிக்க, ஊட்டியில், 1960ல், 'இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ்' என்ற அரசு நிறுவனம் தொடங்கப்பட்டது. அதற்கு, நம் அம்பத்தூரிலும் ஒரு பிரிவு இருந்தது. டிஜிட்டல் கேமரா வந்த பின், பிலிமுக்கு வேலையில்லாமல் போனது. அந்த நிறுவனமும் மூடப்பட்டு விட்டது. உங்கள் அப்பா, அம்மாவின் குழந்தைப் பருவப் படங்கள் எல்லாம், அப்படிக் காத்திருந்து வாங்கியவைதான்.

பெரியவர்கள் யாருக்கும், அது ஒரு குறையாகவே தோன்றவில்லை. போட்டோ என்றால் காத்திருக்க வேண்டும் என்று பழகி விட்டனர். குழந்தைக்கு அந்தப் பழக்கம் இல்லை. அதனால் கேட்டு விட்டாள்.

சும்மா இரு என்று, லேண்ட் அவளை அடக்கவில்லை. ஊரைச் சுற்றித் தனியாக நடந்தபடியே, அந்தக் கேள்வியை யோசித்தார். ஒரு மணி நேரத்திற்குள், கேமரா, பிலிம், ரசாயனம் எல்லாம் எப்படி இருக்க வேண்டும் என்று மனதில் படம் போல வந்து விட்டது. அந்த ஊருக்கு வந்திருந்த, தன் காப்புரிமை வழக்கறிஞரைச் சந்தித்து, அன்றே விவரித்தார்.

மனதில் வர ஒரு மணி நேரம் ஆனது. கையில் வர, ஐந்து ஆண்டுகள் ஆயின!

கேமராவுக்குள் இருட்டறை

லேண்ட் செய்தது இதுதான்...

கேமராவுக்குள் இரண்டு தாள்கள். ஒன்று, ஒளி படும் நெகடிவ் தாள். மற்றொன்று, படம் வர வேண்டிய தாள். இரண்டுக்கும் நடுவே, சிறிய பை ஒன்று. அதற்குள், கூழ் போன்ற ரசாயனம். படம் எடுத்ததும், இரண்டு தாள்களையும் சேர்த்து வெளியே இழுக்க வேண்டும். வழியில், இரண்டு உருளைகள். கரும்புச் சாறு பிழியும் இயந்திரத்தில், இரண்டு உருளைகளுக்கு நடுவே கரும்பு போகுமே, அதுபோல், தாள்கள் போகும். பை உடைந்து, ரசாயனம் ஒரே சீராகப் பரவும்.

நெகடிவ் தாளில், ஒளி பட்ட இடத்தில் உள்ள வெள்ளி உப்பு, அங்கேயே கறுத்து நின்று விடும். ஒளி படாத இடத்தில் உள்ள வெள்ளி உப்பு, கரைந்து, அடுத்த தாளுக்குப் போய், அங்கே கறுப்பாகப் படியும். அதாவது, நிஜத்தில் இருட்டாக இருந்த இடம், தாளிலும் இருட்டாக வந்து விடும். ஒரு நிமிடம் கழித்து, இரண்டு தாள்களையும் பிரித்தால், படம் தயார்! ஓர் இருட்டறையில் நடக்கும் அத்தனை வேலையும், இரண்டு தாள்களின் இடைவெளியில் முடிந்து விடுகிறது.

1947ம் ஆண்டு, பிப்ரவரி 21ம் தேதி, நியூயார்க்கில் நடந்த ஒளியியல் அறிஞர்களின் கூட்டத்தில், தன்னையே படம் எடுத்துக்கொண்டார் லேண்ட். ஒரு நிமிடம் காத்திருந்து, தாளைப் பிரித்தார். மேடையில் ஒரு லேண்ட். கையில் ஒரு லேண்ட். அரங்கமே வியந்து போனது. மறுநாள், பத்திரிகைகளில் அதுதான் செய்தி.

1948, நவம்பர் 26ல், பாஸ்டன் நகரில் உள்ள கடை ஒன்றில், முதல் கேமரா விற்பனைக்கு வந்தது. விலை, ஏறத்தாழ 90 டாலர். சில வாரங்களுக்கு ஓடும் என்று நினைத்து வைத்திருந்த 57 கேமராக்களும், அன்றே விற்றுத் தீர்ந்தன.

மங்கிய படங்கள்

வெற்றி வந்த வேகத்தில், தலைவலியும் வந்தது. முதலில் வந்த படங்கள், காப்பித்தூள் நிறத்தில் இருந்தன. மக்கள், கறுப்பு - வெள்ளை கேட்டனர். 1950ல், அதையும் கொடுத்தார். ஆனால், சில மாதங்களில், படங்கள் தானாகவே மங்கத் தொடங்கின. பிறந்த நாள், திருமணம் என்று ஆசையாக எடுத்தவை, கண் முன்னே அழிந்து போயின. வாங்கியவர்கள் குமுறினர்.

இந்தச் சிக்கலுடன் போராடிய குழுவை நடத்தியவர், மெரோ மோர்ஸ் என்ற பெண். கல்லூரியில், அவர் படித்தது விஞ்ஞானம் அல்ல, கலை வரலாறு! படத்தின் அழகை உணர்ந்தவர், ரசாயனத்தைக் கற்றுக்கொள்ள முடியும் என்று லேண்ட் நம்பினார். பெண்களுக்கு ஆய்வகங்களில் இடம் கிடைப்பதே அரிதான அந்தக் காலத்தில், பல பெண்களை ஆராய்ச்சிக்குச் சேர்த்தார். படம் வந்ததும், அதன் மேல் ஒரு திரவத்தைப் பூசினால் மங்காது என்ற வழியைக் கண்டுபிடித்தனர். கருப்பு - வெள்ளைப் பட ஆராய்ச்சிப் பிரிவுக்கே தலைவரானார் மோர்ஸ்.

அடுத்து, வண்ணப்படம். ஹோவர்டு ராஜர்ஸ் என்பவரிடம், அந்த வேலையை ஒப்படைத்தார் லேண்ட். அவர், உடனே எதையும் செய்யவில்லை. நீண்ட காலம், மற்றவர்கள் செய்வதைப் பார்த்தபடி, யோசித்துக்கொண்டே இருந்தார். லேண்டும் அவசரப்படுத்தவில்லை. கடைசியில், 1963ல், ஒரு நிமிட வண்ணப்படம் வந்தது.

சட்டைப் பையில் கேமரா

இன்னும் லேண்டுக்குத் திருப்தி இல்லை. தாளைப் பிரிக்க வேண்டும். பிரித்த குப்பையை எங்காவது போட வேண்டும். திரவம் பூச வேண்டும். எதுவுமே இல்லாமல், பொத்தானை அழுத்தினால், படம் தானாக வெளியே வர வேண்டும் என்று ஆசைப்பட்டார்.

1972ல், தன் நிறுவனப் பங்குதாரர்கள் கூட்டத்தில், கோட்டுப் பையில் இருந்து, தட்டையான ஒரு பொருளை எடுத்தார். விரித்ததும், அது கேமரா ஆனது. அதன் பெயர், 'எஸ்.எக்ஸ் - 70'. பத்து விநாடிகளில், ஐந்து படங்கள் எடுத்துக் காட்டினார். அப்போது அவருக்கு வயது, 62.

அந்தக் கேமராவின் படம்தான், குட்டீஸ், இன்று உங்கள் மென்பொருள் நகல் எடுக்கும் படம். சதுரம், வெள்ளை ஓரம், கீழே பட்டை. அந்தப் பட்டைக்குள் இருந்தது, ரசாயனப் பை! படம் உருளைகளுக்கு நடுவே வெளியே வரும்போது, பை உடைந்து, கூழ் கீழிருந்து மேலாகப் பரவும். அதில் கலந்துள்ள ஒரு சாயம், வெளிச்சம் உள்ளே புகாமல் திரை போலத் தடுக்கும். அதனால்தான், வெயிலில் வைத்துக்கொண்டே, படம் மெல்ல மெல்லத் தோன்றுவதைப் பார்க்க முடிந்தது.

இந்தப் படத்தைக் கையில் பிடித்து, பலரும் உதறுவர். அது தேவையே இல்லை. பழைய, பிரிக்கும் வகைப் படத்தை உலர்த்த உதறிய பழக்கம் அது. இந்தப் படத்திலோ, எல்லாமே உள்ளே மூடிக் கிடக்கிறது!

நிழல் படிந்த பக்கம்

உடனடிப் படத்தை, எல்லாரும் நல்லதற்கே பயன்படுத்தினர் என்று சொல்ல முடியாது. தென்னாப்பிரிக்காவில், அப்போது நிறவெறி ஆட்சி நடந்தது. கருப்பின மக்கள், எங்கு சென்றாலும், போட்டோ ஒட்டிய அனுமதிப் புத்தகத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கைது. அந்தப் புத்தகத்திற்கான படங்களை எடுக்க, போலராய்டு கருவிகள் பயன்பட்டன.

1970ல், இதைக் கண்டுபிடித்து எதிர்த்தவர்கள், அதே நிறுவனத்தில் பணியாற்றிய கரோலின் ஹன்டர் என்ற இளம் வேதியியலாளரும், கென் வில்லியம்ஸ் என்ற போட்டோகிராபரும். இருவரும் கருப்பினத்தவர். இருவருக்கும் வேலை போனது. ஆனாலும், போராட்டத்தை விடவில்லை. தென்னாப்பிரிக்க அரசுக்கு விற்பதில்லை என்று அறிவித்தது நிறுவனம். அங்கிருந்த விற்பனையாளர், ரகசியமாக விற்று வந்தது வெளியே தெரிந்ததும், 1977ல், அந்த நாட்டை விட்டே வெளியேறியது. உடனே வேண்டும் என்ற ஒரு குழந்தையின் ஆசையில் பிறந்த கேமரா, மனிதர்களை அடைத்து வைக்கவும் உதவியிருக்கிறது. அதைத் தட்டிக் கேட்க, துணிச்சலான இருவர் தேவைப்பட்டனர்.

லேண்டுக்குப் பெரிய தோல்வியும் வந்தது. 1977ல், உடனே பார்க்கும் சினிமா கருவியை வெளியிட்டார். இரண்டரை நிமிடம் மட்டுமே ஓடும், சத்தம் கிடையாது. அதே சமயத்தில், வீடியோ கேசட் வந்து விட்டதால், யாரும் அதை வாங்கவில்லை. நிறுவனத்திற்குப் பெருத்த நஷ்டம். 1980ல், தலைமைப் பொறுப்பில் இருந்து விலகினார். 1982ல், தான் உருவாக்கிய நிறுவனத்தை விட்டே வெளியேறினார்.

அதன் பிறகும், ஆராய்ச்சியை விடவில்லை. தான் தொடங்கிய விஞ்ஞான நிலையத்தில், நம் கண்ணும், மூளையும், நிறங்களை எப்படி உணர்கின்றன என்று ஆராய்ந்தார். 1991ம் ஆண்டு, மார்ச் 1ம் தேதி, 81வது வயதில் காலமானார். அவர் பெயரில், 535 காப்புரிமைகள் இருந்தன.

டிஜிட்டல் கேமராக்கள் பெருகியதும், 2001ல், போலராய்டு நிறுவனம் திவாலானது. 2008ல், பிலிம் தயாரிப்பதை நிறுத்துவதாக அறிவித்தது. ஆனால், கதை அங்கே முடியவில்லை. நெதர்லாந்தில் இருந்த கடைசி தொழிற்சாலையின் இயந்திரங்களை, ஆர்வலர்கள் சிலர் சேர்ந்து வாங்கினர். பழைய ரசாயனங்கள் பல கிடைக்காததால், புதிதாகக் கண்டுபிடித்து, 2010ல் பிலிமை மறுபடியும் கொண்டு வந்தனர். இன்றும், அங்கே பிலிம் தயாராகிறது.

நீங்களே செய்து பாருங்கள்!

அதே, 2010ல்தான், மொபைல் போனில் போட்டோவைப் பழையதாக மாற்றும், 'இன்ஸ்டாகிராம்' வந்தது. பொத்தானைத் தொடாமல், ஒவ்வொரு படியாக நீங்களே செய்தால், காரணமும் புரியும். 'ஜிம்ப்' என்ற மென்பொருள் இலவசம். பெரியவர்கள் உதவியுடன் முயன்று பாருங்கள்...

* படத்தைச் சதுரமாக வெட்டி, 790 புள்ளி அகலம், 790 புள்ளி உயரத்திற்குச் சுருக்குங்கள். அசல் படம், ஏறத்தாழ, 7.9 செ.மீ., சதுரம்.

* 880 புள்ளி அகலம், 1,070 புள்ளி உயரத்தில், வெள்ளைத் தாள் ஒன்றை உருவாக்கி, அதன் மேல் படத்தை வையுங்கள். இரு பக்கமும் 45 புள்ளி, மேலே 60 புள்ளி விடுங்கள். கீழே, 220 புள்ளி மிஞ்சும். அதுதான், ரசாயனப் பை இருந்த இடம்!

* வளைவு என்ற வசதியில், கறுப்புப் பகுதியைக் கொஞ்சம் உயர்த்துங்கள். சாம்பல் பூத்த தோற்றம் வரும். அந்தப் படத்தில், முழுக் கறுப்பு வருவது கடினம்.

* லேசாக மஞ்சளும், சிவப்பும் சேருங்கள். ரசாயனத்திற்கு, வெப்பம் முக்கியம். குளிரில், படம் நீலம் தட்டும். சூட்டில், மஞ்சளும், சிவப்பும் தட்டும். அக்னி நட்சத்திர வெயிலில், ஆவடியில் எடுத்தால், எந்த நிறம் வரும் என்று நீங்களே சொல்லுங்கள்!

* மூலைகளை லேசாக இருட்டாக்குங்கள். எளிய லென்சில், ஓரங்களுக்கு வெளிச்சம் குறைவாகவே போகும்.

இவை எல்லாமே, லேண்டும், அவரது குழுவினரும், ஒழிக்கப் போராடிய குறைகள். இன்று, அதே குறைகளை, நாம் ஆசையாகச் சேர்க்கிறோம்!

இன்னொரு சோதனை... முனைவாக்கித் தகடு உள்ள கூலிங் கிளாஸ் வீட்டில் இருந்தால், கால்குலேட்டரின் திரையை, அதன் வழியே பாருங்கள். கண்ணாடியை மெல்லத் திருப்புங்கள். ஒரு கட்டத்தில், திரை முழுவதும் கறுத்து விடும். அந்தத் திரையிலும், முனைவாக்கித் தகடு இருக்கிறது. 17 வயதில் நூலகத்தில் உட்கார்ந்து படித்தவரின் தகடு, இன்று கால்குலேட்டர், கம்ப்யூட்டர் என, நம்மைச் சுற்றி எங்கும் இருக்கிறது.

மூன்று வயது ஜெனிபர், விஞ்ஞானி இல்லை. மனதில் தோன்றியதைக் கேட்டாள். அப்பா, அதைக் காது கொடுத்துக் கேட்டார். பதில் கிடைக்கும் வரை உழைத்தார். உங்கள் மனதிலும், பெரியவர்கள் பழகிப்போய் விட்டுவிட்ட கேள்வி ஏதாவது இருக்கும். தயங்காமல் கேளுங்கள், குட்டீஸ்!